மூட்டை தூக்கறதுக்கும் விசுவாசப் பிரமாணம் கேப்பீங்களா?

எந்த போட்டோன்னு நான் சொல்ல வேணாம், ரெண்டு நாளா எல்லா சபை குரூப்லயும் சுத்திட்டு இருக்கு. வெள்ள நிவாரணம் குடுக்கப் போனப்ப ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயில் ஹால்ல பாதர் பக்கத்துல கண்ணை மூடி ஜெபத்துல நிக்கிறேன், என் தலையைச் சுத்தி சிவப்பு வட்டம், கீழ "சத்தியம் விற்பனைக்கு". அவங்களோட சேந்ததால நம்ம உபதேசத்தையே வித்துட்டேனாம். நல்லா இருக்கு தம்பி. வட்டத்தைக் கொஞ்சம் பெருசா போட்டிருந்தா பின்னாடி இருந்த அரிசி மூட்டையும் உள்ள வந்திருக்கும்.

வீட்டுக்குள்ள தண்ணி பூந்தவனுக்கு அரிசி கொண்டுபோறப்ப கூட மூட்டை தூக்கறவன் எந்த சபைன்னு பாக்க முடியாதுங்க. அவ்ளோதான் விஷயம்.

நம்ம பிரெஸ்பிட்டேரியன் (கால்வின் வழி வந்த புராட்டஸ்டண்ட்) உபதேசம் தெரியுமான்னு கேக்கறீங்க. நம்ம உபதேசத்தை எழுதி வெச்ச வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 25ம் அதிகாரம், போப் அந்திக்கிறிஸ்து, அதாவது கிறிஸ்துவுக்கு எதிரிங்கற வரிக்கு மஞ்சள் அடிச்சு அனுப்பினீங்க. 1640கள்ல இங்கிலாந்தே ரெண்டுபட்டு அடிச்சிக்கிட்டப்ப எழுதினது அது, அமெரிக்காவுல பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபையே 1903ல அந்த வரியை மாத்திடுச்சு. அத விடுங்க, அடுத்த அதிகாரம் 26 படிச்சீங்களா? சரீரத் தேவையிலயும் ஒருத்தருக்கொருத்தர் உதவணும், இயேசுவோட நாமத்தைத் தொழுதுகொள்ற எல்லாருக்கும் எந்த எடத்துல இருந்தாலும் அது போய்ச் சேரணும்னு இருக்கு. அதுக்கு மஞ்சள் அடிக்க மை தீந்துடுச்சா? கால்வின் 1541ல ஜெனீவா சபைக்கு ஒழுங்கு எழுதினப்ப டீக்கன்னு தனி ஊழியமே வெச்சாரு, ஏழைங்களயும் நோயாளிங்களயும் பாக்கறதுக்கு.

சேந்து ஜெபம் பண்ணது தப்புங்கறீங்க. இது நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். நாங்க சொன்னது எல்லா சபையும் சொல்ற கர்த்தருடைய ஜெபம் ("பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே") மட்டும்தான். மாதா ஜெபத்துல எனக்கு இன்னிக்கும் உடன்பாடு கிடையாது, அதை பாதர்கிட்டயே சொல்லியிருக்கேன், சிரிச்சிக்கிட்டே டீ ஊத்தினாரு. நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவியைக் கடவுள் எப்படி நீதிமானா ஏத்துக்கறாருங்கறது பத்தி ஆர்.சி.யும் லூத்தரனும் 1999ல போட்ட அறிக்கையில உலக ரிஃபார்ம்ட் சபைகளோட கூட்டமைப்பும் 2017ல சேந்துச்சு. எதுல ஒத்துப்போறோம், எதுல இன்னும் இல்லன்னு வருஷக்கணக்கா உக்காந்து பேசித்தான் அது நடந்துச்சு, யாரும் யாருக்கும் எதையும் விக்கல.

இதையெல்லாம் வேலூர்ல இருந்துக்கிட்டு கேக்கறீங்க பாருங்க, அதான் தாங்கல. அமெரிக்க மிஷனரி ஸ்கடர் குடும்பத்தோட ஆற்காடு மிஷன் வழி வந்த சபைங்க 1908லயே காங்கிரிகேஷனல்காரங்களோட சேந்துடுச்சு, 1947ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்டோட சேந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) ஆச்சு. அதே குடும்பத்து ஐடா ஸ்கடர் தொடங்கின சி.எம்.சி. ஆஸ்பத்திரியை எத்தனை சபைங்க சேந்து தூக்கி நிறுத்துச்சு! அங்க ஓ.பி. சீட்டு போடறப்ப உபதேசம் விசாரிச்சுட்டா லைன்ல நின்னீங்க?

பள்ளிவாசல் பசங்களும் இருந்தாங்களேன்னு அடுத்து வருவீங்க. ஆமா இருந்தாங்க. 2021 நவம்பர்ல குடியாத்தம் கவுண்டன்யா ஆத்துல வெள்ளம் வந்தப்ப எங்க ரொட்டி வண்டி வழியிலயே மாட்டிக்கிச்சு, அன்னிக்கு எங்களுக்கே சோறு போட்டது அவங்கதான். ஒரு பாட்டி நனைஞ்ச ரேஷன் கார்டை முந்தானையில முடிஞ்சிக்கிட்டு "நீங்கல்லாம் எந்த கோயிலுப்பா"ன்னு கேட்டுச்சு. "மொதல்ல போர்வையப் புடி பாட்டி, அப்பால சொல்றோம்"னான் ஒரு பாய் பையன். வேற கூட்டத்துக்காரன் அடிபட்டவனைத் தூக்கி உதவின நல்ல சமாரியன் கதைய சண்டே ஸ்கூல்ல நடிச்சவங்கதான நாம எல்லாரும்?

நிவாரணம்ங்கற பேர்ல மதத்துக்கு ஆள் சேக்கறாங்கன்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ற மூட்ல நான் இல்ல.

உண்மையா சொல்லணும்னா வட்டம் போட்ட தம்பி மேல கூட அவ்ளோ கோவம் இல்ல, சின்ன வயசு, யூடியூப்ல யாரோ கத்தறதைக் கேட்டுட்டு இங்க கத்துது. என்னைச் சின்ன வயசுல இருந்து பாத்த மூப்பர்ங்க (சபைப் பெரியவங்க), எங்க வீட்டு துக்கத்துல வந்து நின்னவங்க, அந்த போட்டோவுக்கு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கீங்களே, அதான் ராத்திரி தூக்கம் வரல. ஒரு போன் பண்ணி என்னடா இதுன்னு கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை திரும்பப் போறோம், ஸ்கூல் பசங்களுக்கு நோட்டு, பை. அதே ஆர்.சி. ஹால்தான், அதே பாதர்தான், போட்டோ எடுக்கறவங்க கிட்டக்க வந்தே எடுக்கலாம். கட்டைவிரல் தூக்கின மூப்பர் ஒருத்தர் போன தடவை வண்டிக்கு டீசல் காசு தர்றேன்னாரு, வரும்போது அதையும் எடுத்துட்டு வந்துடுங்க ஐயா.