சார்லி பூலைக் குடிகாரன் என்று மட்டும் சொல்லாதீர்கள்

1920-களில் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை வாசித்துப் பாடிய அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர் சார்லி பூல். அவர் பெயரை எடுத்தாலே, "குடிச்சே செத்தவர்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

குடித்தார், உண்மைதான். 1931-ல் ஹாலிவுட் படத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் தொடங்கிய குடி வாரக்கணக்கில் நிற்கவேயில்லை. மே 21 அன்று இதயம் நின்றுபோனது. வயது 39.

ஆனால் அவர் கையைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? வட கரோலினாவில் சின்ன வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். முதல் பாஞ்சோ சுரைக்குடுக்கையில் செய்தது. கையுறை இல்லாமல் பேஸ்பாலைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி விரல்களை முறித்துக்கொண்டார். வலது கை அப்படியே உள்பக்கம் வளைந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து பாஞ்சோக்காரர்கள் பலர் நகத்தால் கம்பியை மேலிருந்து கீழே தட்டி வாசிப்பார்கள். இவரோ அந்த வளைந்த கையை வைத்துக்கொண்டு, மூன்று விரல்களால் கம்பிகளைச் சுண்டி வாசித்தார்.

1925 ஜூலையில் பூலும் அவர் குழுவும் நியூயார்க் போய் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடினார்கள். பிடில் வாசித்த போசி ரோரர் அவருடைய மைத்துனர், கிடார் நார்மன் உட்லீஃப். 'டோன்ட் லெட் யுவர் டீல் கோ டவுன் புளூஸ்' இசைத்தட்டு ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. அன்றைய பதிவுக்குக் குழுவின் கையில் கிடைத்தது 75 டாலர். இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்ச காலத்தில் பொருளாதார மந்தம் வந்து இசைத்தட்டு வியாபாரமே படுத்துவிட்டது.

நிதானம் இல்லாதவர் என்பவர்கள் தயவுசெய்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை ஒருமுறை கேளுங்கள். பிடில் மெட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். கிடாரின் கனத்த கம்பி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நடந்து போகும். இரண்டுக்கும் நடுவே, ஒருவர் மேல் ஒருவர் இடிக்காதபடி, பாஞ்சோ சின்னச் சின்னதாக மணி உதிர்த்துக்கொண்டே இருக்கும். பாடுவதும் அவர்தான். வார்த்தையைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பாடுகிற அந்தக் குரலுக்கு அடியில், முறிந்து கூடிய அந்த விரல்கள் ஒரு தாளம்கூடத் தப்புவதில்லை.