தலையெழுத்து என்று சொன்னால் யாருக்கு நிம்மதி?

கந்துவட்டிக்காரர் பக்கவாதத்தில் விழுந்தால், "ஏழைகளின் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா?" என்கிறோம். அதே தெருவில் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத பாட்டி பக்கவாதத்தில் விழுந்தால், "ஆண்டவன் நல்லவர்களைத்தான் சோதிப்பான்" என்கிறோம். எது நடந்தாலும் பொருந்திப்போகிற கணக்கை நான் கணக்கென்றே ஒப்புக்கொள்வதில்லை.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் காய்ப்பில் செடி வைத்திருந்தவர்கள் கடனை அடைத்தார்கள். அந்த விலையைப் பார்த்து நட்டவர்களுக்குப் பிறகு பறிகூலிகூடக் கட்டவில்லை. அதே மண், அதே பாடு. ஜூலையில் புண்ணியவானாக இருந்தவர் அதற்குள் என்ன பாவம் செய்துவிட்டார்?

இதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். வாச்சாத்தியைப் பற்றிப் பேசும்போது "தெய்வம் நின்று கொல்லும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அரூர் பக்கத்து அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். சிறைக்குப் போனதோ ஊர்மக்கள். பிறகு நடந்த வழக்கில் அந்தத் துறைகளின் ஆட்கள் 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை.

"அந்த 54 பேரைத் தெய்வமே பார்த்துக்கொண்டது" என்று டீக்கடையில் ஒரு அண்ணன் எனக்கு விளக்கினார். அரசு வேலையில் இருக்கும் 269 பேரை எங்கிருந்து எடுத்தாலும் 19 ஆண்டுகளில் பலர் இறந்துதான் போயிருப்பார்கள், அண்ணா. உண்மையில் அந்த 54 பேர்தான் தீர்ப்பைக் கேட்காமலே போனவர்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானதற்குக் காரணம், அந்தப் பெண்கள் நீதிமன்றம் வந்து, நடந்ததைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொன்னது; மலைவாழ் மக்கள் சங்கம் வழக்கை விடாமல் பிடித்திருந்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 31 ஆண்டுகள் நின்றது தெய்வமா, அந்தப் பெண்களா?

எங்கள் தருமபுரிப் பக்கக் கதைக்கு வருகிறேன். முன்பற்களில் சுண்ணாம்புக் கோடு போல வெளுப்பு, பிறகு மஞ்சள், பிறகு காவி, கடைசியில் விளிம்பு குழிந்து உதிரும். வெற்றிலையே போடாத பிள்ளைகளின் வாய் அது. என்னோடு படித்த பெண்கள் பலர் சிரிக்கும்போது புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்துவிடுவார்கள். முதுகு விறைத்து, கால் வளைந்தவர்களுக்கோ "பூர்வ ஜென்ம வினை" என்று ஒரே வார்த்தை.

வினை தண்ணீரில் இருந்தது. பாறையிலுள்ள ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. கிணறு வற்ற வற்ற நாம் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் கீழே இறக்கினோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் வளரும் பிள்ளைகளின் பல் கெடும்; அளவு இன்னும் கூடினால் எலும்பும் கெடும். கறை ஏறிய பல் நல்ல தண்ணீர் குடித்துத் திரும்பி வராது. மாவட்டத்தின் ஓரத்திலேயே காவிரி கொட்டிக்கொண்டிருந்தும், ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர் குழாயில் வர 2013 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை பேர் போன ஜென்மத்துக் குற்றவாளிகளாக வாழ்ந்து தீர்த்தார்கள்!

குழாய் வந்த பிறகும் கோடையில் எங்கள் தெருவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விடுகிறார்கள். கிராம சபையில் ஏன் என்று கேட்டேன். வந்திருந்த அலுவலர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு பெரியவர், "விடுப்பா, நம் ஊர்த் தலையெழுத்து அது" என்றார். அலுவலரின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! உடனே அடுத்த தீர்மானத்துக்குத் தாவினார். நான் உட்காரவில்லை. பரிசோதனை அறிக்கையைக் காட்டச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். தெருக்காரர்கள் எல்லோரும் வந்துவிடுங்கள். அந்தப் பெரியவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.