இல்லம் வேண்டாம், பாட்டியிடம் கொடுங்கள்
ஆப்பிரிக்காவில் அனாதைப் பிள்ளைகளுக்கு இன்னும் நிறைய இல்லங்கள் கட்ட வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. யுனிசெஃப் கணக்கில் தாய், தந்தையில் ஒருவரை மட்டும் இழந்த பிள்ளையும் அனாதைதான். அப்படி எண்ணப்பட்டவர்களில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். இருவரும் இல்லாதவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு பாட்டி இருப்பார். கென்யாவில் கிசுமு பக்கம் இரண்டு வருடம் வேலை பார்த்தேன், எய்ட்ஸ் உலுக்கிப் போட்ட பகுதி அது. எங்கள் வீட்டெதிரே ஒரு பாட்டி சாக்கு விரித்து ஒமேனா விற்பார் (விக்டோரியா ஏரியின் பொடிமீன், காய்ந்தால் நம்ம நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கும்). மகளும் மருமகனும் இறந்துவிட்டார்கள், நான்கு பேரப்பிள்ளைகள். 2003 முதல் அங்கே அரசுத் தொடக்கப்பள்ளியில் கட்டணம் கிடையாது, ஆனால் சீருடை காசு கொடுத்துத்தான் வாங்கணும். முழங்கையில் வேறு நிற நூலால் தைத்த ஒரே பச்சை ஸ்வெட்டரை அக்கா ஒரு நாள், தங்கை ஒரு நாள் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே 2004-ல் கென்ய அரசு ஒரு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் மாதம் 2,000 ஷில்லிங் ஆனது. "கையில் பணம் கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள்" என்று அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டம் எழுதியிருக்கும் நண்பருக்கு: அந்தப் பாட்டி பணம் வந்ததும் முதலில் வாங்கியது இரண்டாவது ஸ்வெட்டர்.