செப்டம்பர் வந்தால் முள்

இங்கிலாந்தில் செப்டம்பர் வெயில் கிடைப்பதே பெரிது. அதை வீணாக்கக் கூடாதென்று சனிக்கிழமை சட்பரியில் ரயிலை விட்டிறங்கி, லாங் மெல்ஃபோர்ட் வழியாக லாவன்ஹாமுக்குச் சைக்கிளில் கிளம்பினேன். கோணல்மாணலாக நிற்கும் அந்தப் பழைய மரச்சட்ட வீடுகள், ஒரு டீ, ஒரு ஸ்கோன். அவ்வளவுதான் திட்டம்.

இரண்டு மைல் இருக்கும்போது பின்சக்கரம் ‘புஸ்’ என்றது.

எல்லாம் புதர்வேலி வெட்டும் புண்ணியம். பறவைகள் கூடு கட்டும் காலமென்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயல்வேலிகளை வெட்டப் பொதுவாகத் தடை. நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் செப்டம்பர் பிறந்ததும் ஆளாளுக்கு டிராக்டரோடு கிளம்பிவிடுகிறார்கள். வெட்டுகிறார்களா? அடித்து நொறுக்குகிறார்கள்! ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற வேலிச்செடிகளின் முள்ளெல்லாம் சாலை முழுக்க. கூட்டித் தள்ள ஒரு ஆள் கிடையாது.

டயருக்குள் விரலை விட்டுத் தடவினேன். அரை அங்குலம்கூட இல்லாத முள். விரலில் குத்தியபோதுதான் அகப்பட்டது. ட்யூபை மாற்றி, காற்றடித்து, கால் மைல் போயிருப்பேன். இப்போது முன்சக்கரம். மாற்று ட்யூப் ஒன்றுதான் இருந்தது. சரி, ஒட்டுப் போடலாமென்று உட்கார்ந்தால் பசை காய்ந்து கல்லாகியிருந்தது.

குதிரையில் வந்த ஒரு அம்மா, “அருமையான நாள், இல்லையா?” என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

உருட்டிக்கொண்டே லாவன்ஹாம் போய்ச் சேர்ந்தபோது டீக்கடைப் பெண் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மணி நாலு.