நகல் என்று தள்ளிவைக்கப்பட்ட பாடல்கள்

'போஸ்ட்-கிரஞ்ச்' என்பது இசைக்குழுக்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயரன்று. விமர்சகர்கள் வைத்த பெயர் அது, பாராட்டாக வைத்ததும் அன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து இளைஞர்கள் 'கிரஞ்ச்' என்ற கரடுமுரடான ராக் இசையில் உயிரைக் கொடுத்துப் பாடியதைப் பின்னால் வந்தவர்கள் மெருகேற்றி வானொலிக்கு விற்றுக் காசு பார்த்தார்கள் என்பதே அந்தப் பெயருக்குள் இருக்கும் குற்றச்சாட்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அடுத்த பத்தாண்டு வரை வெளிவந்த இந்த வகைப் பாடல்களை நெடுங்காலமாகக் கேட்டுவருபவன் என்ற முறையில் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் இவற்றுள் மிகச் சிறந்த பாடல்கள் கிரஞ்ச் பெரும்பாலும் செய்யத் தயங்கிய ஒன்றைத் துணிந்து செய்தன. தாயையோ காதலியையோ மகனையோ மனத்தில் வைத்துக்கொண்டு, கிண்டலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், கூச்சமில்லாமல் நேராகப் பேசின.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991 செப்டம்பரில் கிரஞ்ச் குழுவான நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தது. 1992 ஜனவரியில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியிலிருந்து மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைக் கீழே இறக்கியது. 1994 ஏப்ரலில் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் மறைந்தார். அதற்குள்ளாகவே பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் அதே சாயலில் பாடும் ஆட்களைத் தேடிக் கிளம்பிவிட்டன. அடங்கி ஒலிக்கும் சரணம், வெடிக்கும் பல்லவி, அடித்தொண்டையிலிருந்து வரும் கரகரத்த குரல் என்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. ஆனால் 'நகல்' என்று இவற்றை ஒதுக்குபவர்கள் வசதியாக மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. 'நெவர்மைண்ட்' ஆல்பமே நன்றாக மெருகேற்றப்பட்ட ஒன்றுதான். தயாரிப்பாளர் புட்ச் விக் பதிவுசெய்ததை ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்து வானொலிக்கு ஏற்றபடி பளபளப்பாக்கினார். அந்தப் பளபளப்பு கோபேனுக்கே பின்னாளில் உறுத்தியது, அதனால்தான் 1993இல் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியை அழைத்து அடுத்த ஆல்பமான 'இன் யூட்டரோ'வைக் கரடுமுரடாகப் பதிவுசெய்தார்கள். பின்னால் வந்த குழுக்களில் பெரும்பாலானவை பின்பற்றியது 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் ஒலியை. எனவே மெருகு என்பது வாரிசுகள் புதிதாகச் செய்த பாவம் அன்று, வீட்டிலேயே இருந்த சொத்து.

லண்டனிலிருந்து வந்த புஷ் குழு இந்தக் குற்றச்சாட்டுக்கு மிக அதிகமாக ஆளானது. ஆங்கிலேயர்கள் அமெரிக்கக் குரலில் பாடுகிறார்கள், பாடகர் கேவின் ராஸ்டேலின் முகம் பத்திரிகை அட்டைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பதெல்லாம்கூடக் குற்றங்களாகவே எண்ணப்பட்டன. 1994இல் வந்த 'சிக்ஸ்டீன் ஸ்டோன்' ஆல்பத்தில் நிர்வாணாவின் நிழல் இருப்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அதே ஆல்பத்தில் உள்ள 'கிளிசரின்' பாடலில் டிரம்ஸே கிடையாது. வாய்பாட்டின்படி பல்லவியில் வெடித்திருக்க வேண்டிய பாடலை, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் உத்தி) ஏற்றிய ஒற்றைக் கிதாரும் அதன் பின்னால் மெல்ல நுழையும் வில்லிசைக் கருவிகளும் மட்டுமே தாங்கிச் செல்கின்றன. சரிந்துபோன ஓர் உறவைப் பற்றிப் பாடும்போது, தாளம் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையைக் கேட்பவருக்குக் கொடுக்காமல் கடைசிவரை காக்கவைத்திருப்பது சாதாரணத் துணிச்சல் அன்று. 1996இல் ஃபுளோரிடா கடற்கரையில் எம்டிவி நடத்திய விடுமுறை நிகழ்ச்சியில் கொட்டும் மழையில் ராஸ்டேல் தனியாளாக நின்று இதைப் பாடிய பதிவு இன்றும் பலர் தேடிப் பார்ப்பது. அதே ஆண்டில் புஷ் தன் அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டீவ் ஆல்பினியிடமே போய் நின்றது. 'நாங்களும் அசல்தான்' என்று நிரூபிக்கப் போனார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆல்பம் விற்பனையில் முதலிடம் பிடித்தது, ஆனால் 'கிளிசரின்' போல ஒன்று அதில் இல்லை.

எனக்கு இந்தக் காலத்துப் பாடல்களிலேயே மிக நெருக்கமானது லைவ் குழுவின் 'லைட்னிங் கிராஷஸ்'. பென்சில்வேனியாவில் உள்ள யார்க் என்ற சிறிய நகரத்தில், பள்ளிக்காலத்திலிருந்தே ஒன்றாக வாசித்துவந்த நால்வர் இவர்கள். 1994இல் வந்த இவர்களின் 'த்ரோயிங் காப்பர்' ஆல்பம் படிப்படியாக ஏறி, ஓராண்டுக்குப் பின் 1995 மே மாதத்தில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பாடலில் ஒரு மருத்துவமனை. ஓர் அறையில் குழந்தை பிறக்கிறது, இன்னோர் அறையில் முதியவள் ஒருத்தி கண்மூடுகிறாள், போன உயிரின் ஆற்றல் வந்த உயிருக்குக் கைமாறுகிறது. நஞ்சுக்கொடி தரையில் விழுவதைப் பல்லவிக்கு முன்பாகவே பச்சையாகச் சொல்லிவிடும் இன்னொரு வெற்றிப்பாடலை நான் கேட்டதில்லை. குடிபோதையில் ஒருவர் ஓட்டிய வாகனத்தால் உயிரிழந்த தங்கள் ஊர்த் தோழி ஒருத்தியின் நினைவுக்கு இந்தப் பாடலைக் குழுவினர் காணிக்கையாக்கினார்கள்.

இசை அமைந்திருக்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். கிதாரின் ஒரே சிறிய வட்டம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஏறக்குறைய மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தில் பாடகர் எட் கோவல்சிக்கின் குரல் பக்கத்து அறையில் யாரோ உறங்குவதைப் போலத் தணிந்து ஒலிக்கிறது. டிரம்ஸ் உடனே வருவதில்லை, வந்த பின்னும் அடக்கியே வாசிக்கப்படுகிறது. பாடல் பாதியைத் தாண்டிய பிறகுதான் நால்வரும் முழுப் பலத்தோடு இறங்குகிறார்கள். சுரக்கோவை அதேதான், பாரம் மட்டும் கூடியிருக்கிறது. வாய்பாட்டில் பதினைந்து விநாடிக்குள் நிகழும் வெடிப்பை இவர்கள் சில நிமிடங்களுக்கு இழுத்துப் பிடித்துவைத்திருக்கிறார்கள். தயாரித்தவர், ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பாடலை வளர்த்த டாக்கிங் ஹெட்ஸ் குழுவில் இருந்த ஜெர்ரி ஹாரிசன் என்பதால் இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

இந்தக் குழுவைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு துணைச்செய்தி உண்டு. 1991இல் வந்த இவர்களின் 'மென்டல் ஜுவல்ரி' ஆல்பத்தின் பாடல்களில் பெரும்பகுதி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனைகளை வைத்து எழுதப்பட்டது. 1909இல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையினர் கண்டெடுத்து, உலக குருவாக்க முயன்று, கடைசியில் அவர்களையே உதறிவிட்டுப் போன அதே கிருஷ்ணமூர்த்திதான். 1997இல் வந்த ஆல்பத்துக்கு 'சீக்ரெட் சமாதி' என்று பெயர் வைத்தார்கள், அதில் ஒரு பாட்டின் தலைப்பில் லாகினி என்ற தாந்திரிகத் தேவியின் பெயர் வருகிறது. இருபது வயதையொட்டிய அமெரிக்க இளைஞர்களின் ஆன்மிகத் தேடலை விமர்சகர்கள் நக்கலடித்தார்கள். சில இடங்களில் அந்த நக்கல் நியாயமும்கூட. ஆனாலும் பிறப்பையும் இறப்பையும் ஒரே மூச்சில் பாடும் தைரியம் அந்தத் தேடலிலிருந்துதான் வந்தது என்று நம்புகிறேன்.

அடுத்து ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் 'எவர்லாங்'. இதற்கு வக்காலத்து தேவையில்லை, போஸ்ட்-கிரஞ்சை வெறுப்பவர்களும் இந்தப் பாடலை விட்டுக்கொடுப்பதில்லை. நிர்வாணாவின் டிரம்மர் டேவ் க்ரோல், கோபேன் மறைந்த அதே ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ எல்லாக் கருவிகளையும் தானே வாசித்துத் தானே பாடி ஒரு பதிவைச் செய்தார். அதுதான் 1995இல் ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் ஆல்பமாக வந்தது. 'எவர்லாங்' 1997இல் வந்த இரண்டாம் ஆல்பத்தைச் சேர்ந்தது, அவருடைய முதல் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது. கிதாரின் தடித்த கம்பியை ஒரு முழுச் சுரம் கீழே இறக்கிக் கட்டியிருப்பதால், மேலே விரல்கள் எங்கே நகர்ந்தாலும் அடியில் ஒரு தம்புரா போல 'டி' சுரம் இரைந்துகொண்டே இருக்கும். டிரம்ஸில் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தைத் தட்டும் கை ஓய்வதே இல்லை. இவ்வளவு வேகமாக ஓடும் பாடலில் குரலை மட்டும் உயர்த்தாமல் ஏறக்குறைய பேச்சுக் குரலிலேயே வைத்திருக்கிறார். நடுவில் இசை தணியும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிசுகிசுப்புகள் கேட்கின்றன. பின்னணியில் இசைவுக் குரல் கொடுத்த வெருக்கா சால்ட் குழுவின் லூயிஸ் போஸ்ட், ஸ்டுடியோவுக்கு வராமல் தொலைபேசி வழியாகவே பாடினார். ஒரு பெரிய ராக் பாடலின் மையத்தில் இப்படியொரு அந்தரங்கம் இருப்பதால்தான், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன் 2000இல் இதய அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பியபோதும், 2015இல் தன் கடைசி நிகழ்ச்சியிலும் இந்தப் பாடலையே கேட்டு வாங்கினார் போலும்.

இப்போது நான் ஒப்புக்கொண்ட அந்தப் பாதிக்கு, வானொலிக்கு விற்ற குற்றத்துக்கு, வருகிறேன். கலெக்டிவ் சோல் குழுவின் 'ஷைன்' 1993இல் அட்லாண்டாவின் கல்லூரி வானொலியில் ஒலித்துப் பரவியது. உள்ளூர் நிலையம் ஒன்று பிடித்துப்போய் ஒலிபரப்புவது, அதைக் கேட்டு அடுத்த ஊர் கேட்பது என்ற வழி அப்போது திறந்திருந்தது. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை நீக்கியது. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்துவிட்டன. எங்கோ ஓர் அலுவலகத்தில் முடிவாகும் பட்டியல் எல்லா ஊரிலும் ஒலிக்கத் தொடங்கியபோது, யாரையும் உறுத்தாத பாடலுக்கே இடம் என்றானது. உள்ளூர் வழி அடியோடு அடைபட்டுவிடவும் இல்லை. த்ரீ டோர்ஸ் டவுன் குழுவின் பாடகர் பிராட் ஆர்னால்ட் பள்ளியில் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து எழுதிய 'கிரிப்டோனைட்', மிசிசிப்பி கடற்கரையின் ஓர் உள்ளூர் நிலையத்தில் நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்டதால்தான் வெளியுலகுக்கு வந்தது. ஆனால் அத்தகைய பாடல்கள் விதிவிலக்காகிக்கொண்டே போயின.

நிக்கல்பேக் குழுவின் மீது விழும் வசவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஹானா என்ற சிற்றூரிலிருந்து வந்தவர்கள் பாடிய 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' 2001இல் வெளியாகி, அந்தப் பத்தாண்டில் அமெரிக்க வானொலிகளில் மிக அதிகமுறை ஒலித்த பாடலானது. எந்தப் பாடலையும் அத்தனை முறை காதில் திணித்தால் வெறுப்பு வரத்தான் செய்யும். தனியே எடுத்துக் கேட்டால் அது கச்சிதமாகக் கட்டப்பட்ட பாடல். முன்னிசை எதுவும் இல்லாமல் முதல் நொடியிலேயே குரல் தொடங்கிவிடுகிறது, தோற்றுப்போனவன் பழியைத் தன் மீதே போட்டுக்கொள்கிறான், சட்டென்று எல்லாம் நின்று ஒரு கணம் வெற்றிடம் விழுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஆல்பத்தைக் குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் ரிக் பராஷர், பத்தாண்டுகளுக்கு முன் சியாட்டிலின் கிரஞ்ச் குழுவான பேர்ல் ஜாமின் 'டென்' ஆல்பத்தைத் தயாரித்த அதே மனிதர். அசலுக்கும் நகலுக்கும் நடுவே போடப்படும் கோடு எவ்வளவு மங்கலானது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அடுத்த ஆல்பத்தில்தான் குழு தவறியது. 'சம்டே' பாடலை இதன் அச்சிலேயே வார்த்தார்கள். ஒரு காதில் ஒன்றும் மறு காதில் மற்றொன்றுமாக இரண்டையும் ஒருசேர ஓடவிட்டு யாரோ இணையத்தில் போட்டார்கள், இரண்டும் பொருந்திப்போயின. அந்த இடத்தில் என்னால் வாதாட முடியாது.

க்ரீட் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அதன் பாடகர் ஸ்காட் ஸ்டாப்பின் குரல் எனக்குச் சில பாடல்களுக்கு மேல் தாங்குவதில்லை. இருந்தும் பிறக்கப்போகும் மகனை நினைத்து எழுதிய 'வித் ஆர்ம்ஸ் வைட் ஓபன்' 2000 நவம்பரில் அமெரிக்காவின் முதலிடப் பாடலானதை மதிக்கிறேன், தந்தையாகப் போகிறவனின் பயம் அதில் உண்மையாகவே கேட்கிறது. பட்ல் ஆஃப் மட் குழுவின் 'பிளரி' பாடலில் அதே தந்தைமை பிரிவாக மாறியிருக்கிறது. மகனை விட்டு விலகி வாழ நேர்ந்த ஒருவரின் பாட்டு அது. மேட்ச்பாக்ஸ் ட்வென்டி குழுவின் '3 ஏஎம்' பாடலைப் பலர் காதல் பாட்டென்றே எண்ணிக் கேட்கிறார்கள். உண்மையில் அது, புற்றுநோயோடு போராடிய தாயோடு பதின்வயதைக் கழித்த பாடகர் ராப் தாமஸ் அந்த நாட்களைப் பற்றி எழுதியது. இந்த விவரம் தெரிந்து கேட்டால், தூக்கம் வராத அந்தப் பெண்ணின் மழைப் பேச்சு வேறு விதமாக ஒலிக்கும். கிரஞ்சின் பெரும் பாடல்கள் 'நான்' என்பதற்குள் குடைந்து போனவை. இவை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவை, இதை ஒரு குறையாக என்னால் பார்க்க முடியவில்லை.

கூ கூ டால்ஸ் குழுவின் 'ஐரிஸ்' பாடலைச் சேர்க்கவில்லையே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: பிடிக்கும். ஐந்து கம்பிகளை 'டி' சுரத்துக்கும் ஒன்றை 'பி' சுரத்துக்கும் கட்டி வாசித்த அந்த ஒலி அழகுதான், ஆனால் அந்தக் குழுவை யாரும் திட்டுவதில்லை என்பதால் நான் வக்கீலாக வேண்டிய அவசியமில்லை. ஆஸ்திரேலியாவின் சில்வர்சேர் குழுவுக்கும் ஒரு வரி: 'டுமாரோ' பாடலைப் போட்டிக்கு அனுப்பி வென்றபோது மூவரும் பள்ளிக்கூடப் பையன்கள், அந்த வயதில் யாரையாவது பார்த்துப் பாடாமல் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது.

நகல் என்று பின்னூட்டத்தில் வாதாட வருபவர்கள் தாராளமாக வரலாம். வருவதற்கு முன் 'லைட்னிங் கிராஷஸ்' பாடலை மட்டும், நடுவில் நிறுத்தாமல், டிரம்ஸ் முழுப் பலத்தோடு இறங்கும் இடம்வரை ஒருமுறை ஹெட்போனில் கேட்டுவிட்டு வாருங்கள். சியாட்டிலில் இந்தப் பாட்டுக்கு அசல் எது என்று சொல்லுங்கள், பேசுவோம்.