அந்தக் கைதட்டல் கைதட்டல் இல்லை

நேற்று அந்த இசைக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: 'பார்பரா' என்ற பிரேசில் பாட்டுக்குக் கீழே நான் போட்டது ஒரே ஒரு வரி, இது ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காக ஏங்கும் பாட்டு என்று. "அழகான ஆண் பெண் காதல் பாட்டில் எதையாவது நுழைக்காதீர்கள்" என்று அட்மின் அறிவுரை சொல்லிவிட்டு கமெண்டையும் பூட்டிவிட்டார். சரி, என் சுவருக்குப் பூட்டு இல்லை.

நான் எதையும் நுழைக்கவில்லை. இருந்ததை எடுத்தவர்கள் வேறு ஆட்கள். பிரேசில் பாடகர் சிக்கோ புவார்க்கியும் இயக்குநர் ருய் கெர்ராவும் 'கலபார்' நாடகத்துக்காக எழுதிய பாட்டு அது. பார்பரா, டச்சுக்காரர்கள் பக்கம் சேர்ந்ததற்காகப் போர்த்துகீசியர்கள் 1635இல் கொன்ற கலபாரின் மனைவி. அவளுக்காக ஏங்குகிறவள் ஆனா என்பவள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த பாலியல் தொழிலாளி. அவ்வளவுதான். பெண்ணும் பெண்ணும்.

பாட்டில் 'நாம் இருவர்' என்று ஓர் இடம் வரும். போர்த்துகீசிய மொழியில் அந்த இருவருமே பெண்கள் என்றால் 'துவாஸ்'. ஓர் ஆண் இருந்தாலே 'தோய்ஸ்' ஆகிவிடும். பிரேசிலின் அன்றைய ராணுவ ஆட்சியின் தணிக்கைக்காரர்களுக்கு உறுத்தியது அந்த 'துவாஸ்'தான். சிக்கோவும் இன்னொரு பாடகர் கேத்தானோ வெலோசோவும் 1972இல் பிரேசிலின் சல்வடோர் நகரில் பாடிய கச்சேரியின் இசைத்தட்டைக் கேளுங்கள். சரியாக அந்தச் சொல் வரும்போது கைதட்டல் வந்து விழும். அந்த இடத்தில் ரசிகர்கள் உருகித் தட்டியது இல்லை, சொல்லை மூடப் பதிவில் பிறகு ஒட்டியது. மறு ஆண்டு நாடகத்துக்கே தடை.

முதலில் எனக்கும் இது தெரியாது. ஃபைல் கெட்டுவிட்டது என்று மூன்று முறை டவுன்லோட் செய்தேன். மூன்றிலும் அதே இடத்தில் அதே கைதட்டல். அலுவலகத்தில் ஒரு பிரேசில்காரரிடம் புலம்பியபோது, "ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சிரித்தார்.

"பாடுவது இரண்டு ஆண்கள்தானே?" என்கிறார் ஒருவர். ஐயா, ஆண்டாள் பாசுரத்தை ஆண்கள் பாடியதே இல்லையா? "மொழிபெயர்ப்பில் 'நாம் இருவர்' என்றுதானே இருக்கிறது?" இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். நம் 'இருவர்' யார் என்று காட்டிக்கொடுக்காது. தமிழில் எழுதியிருந்தால் தணிக்கைக்காரர் கத்தரியோடு சும்மா உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்தச் சொல் சும்மா இருக்கிறது என்பதற்காக நீங்களாக ஓர் ஆணைக் கொண்டுவந்து உட்கார வைப்பீர்களா? "இசைக்கு ஏது பாலினம்" என்ற தத்துவஞானிக்குப் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா?" ஆமாம். அந்த ஒரு சொல்லுக்காக ஓர் அரசாங்கமே மெனக்கெட்டிருக்கிறது, நான் கோபப்படக் கூடாதா?

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது நான் ஒரு தோழியின் பெயரைச் சொன்னால், அம்மா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுவார். திட்ட மாட்டார், எதுவும் கேட்கவும் மாட்டார். சீரியலில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். பெயரைச் சொல்வதை நான் நிறுத்திய பிறகு, சத்தம் தானாகக் குறைந்துவிட்டது.