கராத்தேகா: நிற்கும் விதமே சண்டையான ஒரு விளையாட்டு

எண்பதுகளில் வீட்டுக் கணினிகளுக்கென்றே உருவான அடிதடி விளையாட்டுகளில் இன்றைக்கும் உட்கார்ந்து ஆடத் தகுந்தது எது என்று கேட்டால், தயங்காமல் 'கராத்தேகா'வின் பெயரைத்தான் சொல்வேன். யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி, 1984ஆம் ஆண்டு ப்ரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டை அண்மையில் எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) மறுபடியும் ஆடி முடித்தேன். பழைய நினைவுகளின் பாசத்தால்தான் அதை எல்லோரும் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அகுமா என்பவனின் கோட்டையில் சிறைப்பட்டிருக்கும் மரிகோவை மீட்க ஒருவன் தனியாகப் போகிறான். காவலர்கள் ஒவ்வொருவராக எதிரே வருகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் நாயகனுக்கு இரண்டு நிலைகள் உண்டு. நிமிர்ந்து நின்றால் ஓடலாம். சண்டை நிலையில் நின்றால் கால்களை அகட்டி மெல்ல மெல்லத்தான் நகரலாம், ஆனால் குத்தவும் உதைக்கவும் முடியும். நிமிர்ந்து நிற்கும்போது ஓர் அடி விழுந்தாலும் உயிர் போய்விடும். எனவே தூரத்தில் காவலன் தெரிந்ததும், ஓட்டத்தை எந்த இடத்தில் நிறுத்திச் சண்டை நிலைக்கு மாறுவது என்ற கணக்கு மனத்தில் ஓடத் தொடங்குகிறது. அடிக்கும் முன் எதிரிக்குத் தலைவணங்கவும் ஒரு விசை உண்டு. அதனால் புள்ளி எதுவும் கிடைக்காது. ஆயினும் நான் ஒவ்வொரு முறையும் வணங்கியே தொடங்குகிறேன். பத்துப் பேரை ஒரே நேரத்தில் திரையில் குவிக்கும் பிற்கால விளையாட்டுகளில், எதிரே நிற்பவன் ஒரு மனிதன் என்ற இந்த உணர்வு எனக்கு ஏற்படுவதே இல்லை.

சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸ் என்ற, இன்றைக்கு மிக மெதுவான வேகத்தில் ஓடிய கணினியில் இத்தனை உயிர்ப்பான அசைவுகள் எப்படி வந்தன என்பது தனிக் கதை. மெக்னர் தம் கராத்தே ஆசிரியரைச் சூப்பர் 8 என்ற சிறு வகை ஃபிலிமில் படம்பிடித்து, அந்தப் படங்களின் மேல் கோடு வரைந்து அசைவுகளை உருவாக்கினார். உதைத்த கால் திரும்பி வந்து தரையில் ஊன்றும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். உடலின் கனம் தெரியும். இசையை அமைத்தவர் மெக்னரின் தந்தை. ஆப்பிள் 2இல் தனி ஒலிச் சில்லு கிடையாது, ஸ்பீக்கரைச் செயலியே தட்டித் தட்டி ஒலி எழுப்ப வேண்டும் என்பதால், அசைவு ஓய்ந்திருக்கும் இடங்களில் மட்டும் சிறு சிறு துணுக்குகளாக இசை வருகிறது. அந்தக் கட்டாயமே மௌனத்துக்கு ஓர் அழுத்தத்தைக் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒரே மாதிரியான சுவர்களும் காவலர்களும் நடுப்பகுதியில் சலிப்பூட்டுகின்றன. இடையில் சேமித்துவைக்க வழியில்லை; இருப்பது ஒரே உயிர். கோட்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் கூர்முனைக் கதவொன்று மேலிருந்து இறங்கி எல்லாவற்றையும் முடித்துவிடும். மறுபடியும் மலை விளிம்பிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பலரும் குறும்பு என்றும் கொடுமை என்றும் சொல்லும் முடிவை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அகுமாவை வீழ்த்திய பிறகு சண்டை நிலையிலேயே மரிகோவை நெருங்கினால், அவள் ஒரே உதையில் நாயகனைக் கொன்றுவிடுவாள். நிமிர்ந்து ஓடி வந்தால்தான் அணைத்துக்கொள்வாள். நீ நிற்கும் விதத்தை வைத்துத்தான் எதிரே இருப்பவர் உன்னை அறிவார் என்பதை முதல் காவலனிலிருந்தே இந்த விளையாட்டு சொல்லிக்கொண்டு வருகிறது. இத்தனை நாள் பூட்டி வைக்கப்பட்டிருந்தவளை நோக்கி முஷ்டியை உயர்த்திக்கொண்டு வருபவனை அவள் ஏன் நம்ப வேண்டும்?

ஆட விரும்புவோருக்கு, டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட தொகுப்பில் இதன் உருவாக்க ஆவணங்களோடு பழைய பதிப்புகளும் கிடைக்கின்றன. அவற்றில் ஆப்பிள் 2 பதிப்பையே முதலில் ஆடுங்கள்.